மெர்லாங் விழுந்த வாரம்

நூர்தீன் வங்கிப் பங்குகளைத் தொடுவதில்லை. வட்டிக் காசு வேண்டாம் என்பது ஒரு காரணம். வங்கி எதை விற்கிறது என்று கையில் எடுத்துப் பார்க்க முடியாது என்பது இன்னொன்று. எஞ்சின் ஆயில் அப்படி இல்லை. சையத் அல்வி ரோட்டில் அவருடைய கடை வாசலில் மெர்லாங் லூப்ரிகன்ட்ஸ் கம்பெனியின் மஞ்சள் டின்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருக்கும். லாரிக்காரர்களும் பட்டறைக்காரர்களும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிப் போவார்கள். வாங்கிய யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. ஒரு கம்பெனியை நம்ப அவருக்கு அது போதும். மெர்லாங் பங்குச் சந்தைக்கு வந்த ஆண்டே கொஞ்சம் வாங்கினார். அதன் பிறகு கை கொஞ்சம் தாராளமாக இருக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம். விற்றது மட்டும் கிடையாது.

மகள் நஸீஹாவிடம் அந்தக் கம்பெனி வேறு வழியில் வந்து சேர்ந்தது. செசில் ஸ்திரீட்டில் ஒரு சிறிய பங்குத் தரகு நிறுவனத்தில் அவள் ஆய்வாளர். வங்கிகள், விமான நிறுவனம் போன்ற பெரிய பெயர்களையெல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொள்ள, கயிறு, பெயின்ட், பம்பு, மசகெண்ணெய் என்று யாரும் சீண்டாத சின்னக் கம்பெனிகள் அவளுக்கு மிஞ்சின. அவற்றின் கணக்குகளைப் படித்து, பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று வாடிக்கையாளர்களுக்கு அறிக்கை எழுதுவது வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது. சீண்டாத கம்பெனிகளில்தான் மற்றவர்கள் கவனிக்காத ஏதாவது கிடைக்கும் என்பாள்.

போன ஆண்டு தம்பி ரமீஸ், துவாஸில் இருக்கும் மெர்லாங் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நஸீஹா உடனே அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். வாப்பாவிடம் அந்தப் பங்குகள் இருப்பதும் முன்பே எழுதிக் கொடுத்த விஷயம்தான். தம்பி சாதாரண கெமிஸ்ட், கம்பெனிக் கணக்கு அவன் கண்ணில் படாது என்பதால் அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை, அக்காவும் தம்பியும் மெர்லாங்கைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது. இருவருக்கும் அதில் சிரமம் இருக்கவில்லை. பங்கு என்றாலே ரமீஸுக்குக் கொட்டாவி வரும். அவன் சொல்லும் ரசாயனப் பெயர்கள் அவள் வாயில் நுழையாது.

வாப்பாவோடு பேசுவது வேறு. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயங்களை அவரோடு பேசத் தடை இல்லை, அவரும் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நஸீஹா ஈசூனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தோ பாயோவில் இருக்கும் வாப்பா வீட்டுக்குச் சாப்பிட வருவாள். கல்யாணமாகாதவர்களுக்கு அரசு வீடு தரும் முப்பத்தைந்து வயது வந்ததும் தனியாளாக விண்ணப்பித்து அவள் வாங்கிய வீடு அது. அதில் உம்மா ஹஸீனாவுக்கு இன்னும் வருத்தம். நூர்தீனுக்கு வருத்தமெல்லாம் இல்லை. அவருக்குக் கேட்க வேறு கேள்விகள் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"கச்சா எண்ணெய் தொபுக்குன்னு விழுந்துருச்சாமே? மெர்லாங்கும் அறுபது காசுக்குக் கீழ போயிருச்சு. எண்ணெய் விழுந்தா எண்ணெய்க் கம்பெனியும் விழத்தானே செய்யும்?"

"வாப்பா, மெர்லாங் எண்ணெய் தோண்டற கம்பெனியா? எண்ணெய் வாங்கிக் கலக்கற கம்பெனி. உங்களுக்குச் சரக்கு விலை குறைஞ்சா லாபமா நட்டமா?"

"கஸ்டமர் வந்து விலையைக் குறைன்னு கேக்காத வரைக்கும் லாபம்."

"அதேதான். தோண்டறவனுக்கு நட்டம், கலக்கறவனுக்கு லாபம். ஆனா உடனே கணக்குல தெரியாது. குடோன்ல பழைய விலைக்கு வாங்கின சரக்கு கிடக்கும்ல? அது தீரணும்."

"அப்ப ஏன் பங்கு விழுது?"

"எல்லாரும் உங்களை மாதிரியே எண்ணெய்க் கம்பெனின்னு நெனச்சு விக்கறாங்க."

நூர்தீன் தலையை ஆட்டிக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு திருப்தி. நஸீஹாவுக்கும் அப்படித்தான். இந்த விஷயத்தைத்தான் அவள் பல வாரமாக எழுதிக்கொண்டிருந்தாள். கச்சா எண்ணெய் இறங்கியிருக்கிறது, மெர்லாங்கின் மூலப்பொருள் செலவு இறங்கப் போகிறது, சந்தை அதைக் கவனிக்காமல் பங்கை மலிவாக விற்கிறது, வாங்கலாம். அதைப் பற்றி எழுதிய ஓரிரண்டு தரகு நிறுவனங்களும் 'விற்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். அறிக்கை தயாராக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை சந்தை திறக்குமுன் வெளிவர வேண்டியது. தன் பெயரைச் சொல்லும் வேலை இது என்று அவள் நினைத்திருந்தாள்.

கர்ப்பிணி மனைவி பரீதாவை வீட்டில் விட்டுவிட்டு ரமீஸ் தாமதமாக வந்தான். முகம் வீங்கி, கண் சிவந்திருந்தது. உம்மா கேட்டதற்கு வேலை என்று மட்டும் சொன்னான். நேராகச் சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து தண்ணீர் குடித்தான். தட்டு எடுக்க வந்த நஸீஹா, "என்னடா, தூங்கவே இல்லையா?" என்று கேட்டாள். அக்கா கேட்கும் கேள்விதான்.

"எங்க தூங்கறது லாத்தா. கப்பலுக்குப் போற ஆயில். சேர்க்க வேண்டிய அடிட்டிவ் பாதிதான் போயிருக்கு, சிஸ்டம் முழுசாப் போட்டதாக் காட்டுது. நான்தான் திரும்ப டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சேன். நாலு டேங்க் லாக் பண்ணியாச்சு. ஆனா அதுக்குள்ள நெறைய கப்பலுக்கு ஏத்திட்டாங்க. ஒரு கப்பல் எஞ்சின் தேஞ்சு போய் நடுக்கடல்ல—"

"ரமீஸ், நிறுத்து."

"மேனேஜர் யாருகிட்டயும் சொல்லாதேங்கறாரு. வெளிய இன்னும் அறிவிக்கல. எனக்குத் தலையே வெடிக்குது—"

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

அவள் குரலைக் கேட்டு அவன் திடுக்கிட்டான். கையில் தண்ணீர்ப் போத்தலோடு அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு முகம் வெளுத்துப் போயிற்று.

"லாத்தா, நான் சும்மா... மனசு தாங்காமத்தான் சொன்னேன்."

"தெரியும். இனி யார்கிட்டயும் சொல்லாதே. வாப்பாகிட்டயும்."

சாப்பிடும்போது உம்மா மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டதோ என்று இரண்டு தடவை கேட்டாள். கிளம்பும்போது வாசல் வரை வந்த நூர்தீன் சொன்னார், "இந்த விலைக்கு மெர்லாங் கெடைக்காது. இந்த வாரம் கொஞ்சம் வாங்கிப் போடலாம்னு இருக்கேன். நீதான் சொல்றியே, கலக்கறவனுக்கு லாபம்னு."

நஸீஹா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தாள். "உங்க இஷ்டம் வாப்பா" என்றாள்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். அறிக்கையை அப்படியே வெளியிட்டுவிடலாம். அதை எழுதியபோது அவளுக்கு எதுவும் தெரியாது, எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் அதை நம்பி வாங்குகிறவர்களுக்கு நட்டம் வரும் என்று இப்போது தெரியும். இல்லையென்றால் இன்னும் சில தகவல்கள் வரவேண்டும் என்று சொல்லி அறிக்கையைத் தள்ளிப்போடலாம். யாருக்கும் சந்தேகம் வராது, ரமீஸ் பெயரும் அடிபடாது. அந்த யோசனை வெகு சுலபமாக வந்தது, அதனாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது. வாப்பாவை மட்டும் வாங்காமல் தடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்பது அடுத்த யோசனையாக வந்து நின்றது. அதற்கடுத்தது, கையில் இருப்பதையும் விற்றுவிடச் சொல்லலாம் என்பது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட நியாயமாகவே தெரிந்தது. ஈசூனில் இறங்கும்போது அவளுக்கு வாய் கசந்தது.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் பையைக்கூட வைக்காமல் இருதயராஜின் அறைக்குப் போனாள். நிறுவனத்தில் சட்ட விதிகளைக் கவனித்துக்கொள்பவர் அவர். ஓய்வு பெறும் வயது. யார் அறைக்குள் வந்தாலும் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்ற முகத்தோடுதான் நிமிர்வார்.

நஸீஹா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். மெர்லாங்கைப் பற்றி வெளியே தெரியாத ஒரு தகவல் தன் காதில் விழுந்துவிட்டது, நல்ல தகவல் இல்லை, தம்பி சொன்னான், தெரியாமல்தான் சொன்னான்.

"தகவல் என்னன்னு எனக்குச் சொல்லாதீங்க, இப்ப வேணாம்" என்று கையை உயர்த்தினார் இருதயராஜ். "அந்த ரிப்போர்ட் நாளைக்கு வருதுல்ல?"

"ஆமா."

"வராது. மெர்லாங்கை இந்த நிமிஷத்துலேர்ந்து தடைப் பட்டியல்ல போடறேன். இங்க யாரும் அதைப் பத்தி எழுத முடியாது, சொந்தமா வாங்கவோ விக்கவோ முடியாது. ஏன்னு கேட்டா பதில் சொல்லாதீங்க, என்கிட்ட அனுப்புங்க." கணினியில் ஏதோ தட்டிவிட்டு, "தம்பி பேரு?" என்றார்.

அவள் தயங்கினாள்.

"எழுதித்தான் ஆகணும் நஸீஹா. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நீங்க தானா வந்து சொன்னீங்கன்னு காட்ட இது ஒண்ணுதான் இருக்கும். அவருக்கும் அதுதான் நல்லது. இப்ப அப்படித் தெரியாது."

அவள் பெயரைச் சொன்னாள். பிறகு, "எங்க வாப்பா அந்தப் பங்கை வாங்கப் போறேன்னு சொன்னாரு. வேணாம்னு மட்டும் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "காரணம் கேட்பாருல்ல?"

"கேட்பாரு."

"காரணம் சொல்லாட்டியும், எப்பவும் பேசற மகள் திடீர்னு வேணாம்னா அவருக்குப் புரியாதா? வாங்கறதைத் தடுத்தாலும் சரி, விக்கச் சொன்னாலும் சரி, தகவலைச் சொன்ன மாதிரிதான். எங்க அப்பாவா இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு கேட்காதீங்க. எனக்குத் தெரியல. ஆனா சட்டம் இதுதான்."

நூர்தீன் அன்று மதியமே போன் செய்தார். பின்னால் கடையில் யாரோ கிரீஸ் விலை கேட்கும் சத்தம் கேட்டது.

"ஐம்பத்தெட்டு காசுல நிக்குதும்மா. வாங்கட்டுமா?"

நஸீஹா படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். "நீங்க பாத்து முடிவு பண்ணுங்க வாப்பா."

"என்ன, நேத்துலேர்ந்து ஒரு மாதிரியாப் பேசற? ஆபீஸ்ல பிரச்சனையா?"

"வேலை நெறைய. அவ்வளவுதான்."

"சரி சரி, நீ வேலையைப் பாரு. நான் வாங்கிக்கறேன்."

போன் வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். இன்னொரு தடவை கூப்பிட்டு ஒரே வார்த்தை சொல்லிவிடலாம். விரல் அவர் பெயர் மேலேயே இருந்தது. மேல்தளத்திலிருந்து யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டதும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை ரமீஸைத் தேக்காவுக்கு வரச் சொன்னாள். காய்கறிச் சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் இடம் பிடித்து, இரண்டு தே தாரிக் டீ வாங்கி வைத்துக் காத்திருந்தாள். அவன் வந்து உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

ரமீஸ் முதலில் நம்பவில்லை. "என் பேரையா? எழுதிக் குடுத்துட்டியா?"

"வேற வழி இல்லடா."

"ரிப்போர்ட்டை லேட் பண்ணியிருக்கலாம்ல? உடம்பு சரியில்லைன்னு எம்சி லீவு போட்டிருக்கலாம்ல? ஆயிரம் வழி இருக்கு லா!"

"பண்ணியிருக்கலாம். அப்புறம் யாராச்சும் கண்டுபிடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்சோம்னு ஆகும்."

"யாரு கண்டுபிடிப்பா? கிச்சன்ல நீயும் நானும்தானே இருந்தோம்." அவன் குரல் உடைந்தது. "பரீதாவுக்கு அடுத்த மாசம் டெலிவரி. என் வேலை போச்சுன்னா? தப்பைக் கண்டுபிடிச்சவன் நான் லாத்தா. நான்தான் கண்டுபிடிச்சேன். என் பேருதான் தப்பு பண்ணவங்க லிஸ்ட்ல வருமா?"

அவன் டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். இரண்டு குவளையையும் அவளே குடித்தாள்.

புதன்கிழமை காலை மெர்லாங் கம்பெனி தன் பங்கு வர்த்தகத்தை நிறுத்தி வைக்கும்படி சந்தையிடம் கேட்டுக்கொண்டது. அன்று மாலையே அறிவிப்பு வந்தது. கப்பல் எஞ்சின் எண்ணெயில் தரக் குறைபாடு, விற்ற சரக்கைத் திரும்பப் பெறுகிறோம், கப்பல் நிறுவனங்கள் நட்டஈடு கேட்கக்கூடும், தொகை இன்னும் தெரியவில்லை. மறுநாள் பங்கு மறுபடி சந்தைக்கு வந்தபோது, திறந்த வேகத்திலேயே நாற்பது காசுக்குப் போய்விட்டது. நஸீஹா திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்பவர்கள் வரிசையாக நின்றார்கள், வாங்க ஆள் இல்லை. கச்சா எண்ணெயின் விலை அன்றைக்கு அசையவே இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவர், "நல்லவேளை, உன் ரிப்போர்ட் வரலை. பெரிய கண்டத்துலேர்ந்து தப்பிச்சிட்டே" என்றார். அவள் தலையசைத்தாள்.

நூர்தீன் போன் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது ரமீஸும் வந்திருந்தான். உம்மா வற்புறுத்தி வரவழைத்திருப்பாள். நூர்தீன் வழக்கம்போலப் பேசினார், கடையைப் பற்றி, மழையைப் பற்றி. சோறு பரிமாறிய பிறகு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டார்.

"ரமீஸு. நீ அங்கதானே வேலை பாக்கற. உனக்கு எப்பத் தெரியும்?"

ரமீஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "அறிவிப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வாப்பா."

"ம்." நூர்தீன் மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம் இருந்தது. "போன ஞாயித்துக்கிழமை. இங்கதான்."

"அப்ப நான் போன் பண்ணி வாங்கட்டுமான்னு கேட்டப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும் வாப்பா."

நூர்தீன் எழுந்தார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்க, கையைக் கழுவிக்கொண்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது.

உம்மாதான் முதலில் பேசினாள். "ரெண்டு புள்ளைங்களும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க. பெத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா ஜெயிலு உம்மா" என்றாள் நஸீஹா.

"அவருக்காகப் போகக்கூடாதா ஜெயிலுக்கு?"

உம்மா கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அடுத்த சில வாரங்கள் நஸீஹா தோ பாயோவுக்குப் போகவில்லை. நூர்தீன் கூப்பிடவும் இல்லை. பரீதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது மருத்துவமனையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சலாம் சொன்னார்கள். குழந்தையை மாறி மாறி வாங்கிக்கொண்டார்கள். அதோடு சரி.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம், ரமீஸ் முதல் முறையாக அவள் அலுவலகக் கட்டடத்தின் கீழே வந்து நின்று போன் செய்தான். பக்கத்து உணவங்காடியில் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். சட்டைக் காலரில் வியர்வை ஊறியிருந்தது.

"பங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கற அரசாங்க ஆபீஸ்ல விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தாங்க லாத்தா. இப்பதான் முடிஞ்சு வர்றேன்."

"என்ன கேட்டாங்க?"

"அறிவிப்புக்கு முன்னாடி யார் யாரு பங்கு வித்தாங்கன்னு தோண்டறாங்க. எங்க ஆளு ஒருத்தரு, லோடிங் சூப்பர்வைசர், தன் பங்கு மட்டுமில்ல, மச்சான் பங்கு, மாமியார் பங்கெல்லாம் திங்கக்கிழமையே வித்துத் தள்ளியிருக்காரு. அவரு கதை முடிஞ்சுது." அவன் தண்ணீர் குடித்தான். "என்கிட்ட, உன் அக்கா கிட்ட சொன்னியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவங்க கையில உங்க ஆபீஸ் எழுதி வெச்சது அப்படியே இருந்துச்சு. நான் இல்லைன்னு சொல்லியிருந்தா அங்கயே மாட்டியிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் வாப்பா. உன் அப்பா பேர்ல மெர்லாங் பங்கு இருக்கு, நிறுத்தறதுக்கு முன்னாடி ட்ரேட் நடந்திருக்கு, தெரியுமான்னாங்க. தெரியும், வாங்கினாருன்னேன். அந்த ஆபீசரம்மா நிமிர்ந்து பாத்து, வித்தாரா வாங்கினாரான்னு திரும்பக் கேட்டாங்க. வாங்கினாருன்னேன். அவங்க ஸ்க்ரீனைப் பாத்தாங்க. பக்கத்துல இருந்தவரைப் பாத்தாங்க. ஓகேன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க."

மேசையைத் துடைக்க வந்தவர் துடைத்துவிட்டுப் போனார்.

"அன்னிக்கு டீயைக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டேன்" என்றான் ரமீஸ்.

"நான்தான் குடிச்சேன். ரெண்டும்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான். நஸீஹா எழுந்து போய் அவனுக்குச் சாப்பிட ஏதாவது வாங்கி வந்தாள். காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அங்கிருந்து ரமீஸ் நேராக சையத் அல்வி ரோட்டுக்குப் போனான். நடந்ததை வாப்பாவிடம் சொன்னது அவன்தான். நூர்தீன் கல்லாவில் உட்கார்ந்தபடியே முழுவதையும் கேட்டார் என்று பிறகு சொன்னான். எல்லாம் கேட்ட பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"அவ சொல்லி, நான் வித்திருந்தா?"

"உங்களையும் கூப்பிட்டிருப்பாங்க வாப்பா. லாத்தா வேலை போயிருக்கும். என் வேலையும். அதுக்கு மேல என்னென்ன ஆகியிருக்கும்னு தெரியாது."

நூர்தீன் கல்லாவை விட்டு எழுந்தார். ஃபேன் பெல்ட் கேட்டு வந்த ஒருவருக்கு மூன்று பெல்ட்டை எடுத்துக் காட்டி, அளவு பார்த்துக் கொடுத்து அனுப்பினார். அந்த வெள்ளிக்கிழமை நஸீஹாவுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை நண்டு வாங்கறேன். வர்றியா, வர மாட்டியா? வர்றதுன்னா கூட ரெண்டு வாங்கணும்."

"வர்றேன் வாப்பா."

அவள் போனாள். நண்டு சாப்பிட்டார்கள். அந்த விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. உம்மா மட்டும் அவள் தட்டில் பெரிய நண்டாகப் பார்த்து வைத்தாள், பிறகு இன்னொன்றும் வைத்தாள். நஸீஹா போதும் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.

ரமீஸுக்குக் கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. தவறைக் கண்டுபிடித்தவன் அவன் என்பது உதவியது. லோடிங் சூப்பர்வைசர் மீது வழக்கு நடக்கிறது. நஸீஹாவிடமிருந்து மெர்லாங்கை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். தம்பி அங்கே இருக்கும்வரை அதை அவள் கவனிக்க வேண்டாம் என்பது இருதயராஜின் முடிவு. புதிதாக எடுத்துக்கொண்டவர் அவள் போட்ட கணக்கை வைத்துத்தான் ஆரம்பித்தார். அவள் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அவர் சந்தேகம் கேட்டு வந்தபோது, இருதயராஜைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த அரையாண்டுக் கணக்கு வந்தபோது, நட்டஈடு எல்லோரும் பயந்த அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. அதே நேரத்தில் மலிவான மூலப்பொருள் கணக்கில் ஏறி, எண்ணெய் கலக்கும் செலவு குறைந்திருந்தது. பங்கு நாற்பதிலிருந்து மெல்ல ஏறி ஐம்பதைத் தொட்டது. எல்லாமே வெளியே வந்துவிட்ட தகவல். நஸீஹா அந்தக் கம்பெனியைப் பற்றி எழுதுவதும் இல்லை. இருதயராஜிடம் கேட்டபோது, செய்தித்தாளில் இருப்பதை அப்பாவோடு பேசுவதற்கு என்ன தடை என்றார்.

எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூர்தீன் கேட்டபோது அவள் பதில் சொன்னாள். பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவர் கேட்டார், "இப்ப சொல்லலாமா? நீ என்ன நெனக்கற?"

"சொல்லலாம் வாப்பா. உங்ககிட்ட இருக்கறதுல பாதியை வித்துருங்க. கச்சா எண்ணெய் திரும்ப ஏறுச்சுன்னா இந்த லாபம் நிக்காது. ஒரே கம்பெனியில இவ்வளவு வெச்சிருக்கறது நல்லதில்ல."

"பாதியா?"

"பாதி."

வாழ்க்கையில் முதல் முறையாக நூர்தீன் மெர்லாங் பங்கை விற்றார். சரியாகப் பாதி. அடுத்த மாதம் ஒரு ஜப்பானியக் கம்பெனி மெர்லாங்கில் முதலீடு செய்யப்போவதாக அறிவிப்பு வந்து, பங்கு எழுபதைத் தாண்டியது. அது வீட்டில் யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை, நஸீஹாவுக்கும்தான்.

நூர்தீன் அதை அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம்தான் சொன்னார். கிராஞ்சியிலிருந்து டின் வாங்க வந்த லாரிக்காரரிடம், எதிர்க்கடைக்காரரிடம், தொழுகை முடிந்து படியிறங்கும்போது கூட வருகிறவரிடம். "எம் மவ ஷேர் மார்க்கெட்டுல பெரிய ஆளு. அவ சொல்லித்தான் பாதியை வித்தேன். விக்காம இருந்திருந்தா!" என்று கையை விரிப்பார். கேட்பவர்கள் வருத்தப்பட்டால், "பரவாயில்ல லா, மீதிப் பாதி இருக்குல்ல" என்று அவரே சமாதானம் சொல்லி அனுப்புவார்.